சொல்லாமல் எழுந்து வந்தவன்

ஊரு எப்படின்னா கேக்கற? அதுக்கு முன்னாடி உன்னை யாரு அனுப்புனதுன்னு சொல்லு. சிகாமணி முதலாளிதானே? மூடி மறைக்காதப்பா. பண்ருட்டியில எவனுக்குப் பாஸ்போர்ட் வந்தாலும் இந்த டீக்கடைக்குச் சேதி வந்துடும். என் எடத்துக்குத்தான் உன்னை அனுப்புறாரு. போ. நல்லா போ. எனக்கு ஒண்ணும் பொறாமை கிடையாது. அந்த ஊருக்கு இன்னொரு வாட்டி போன்னு என்னைச் சொன்னா, பாதி வானத்துல கதவைத் தெறந்து குதிச்சிடுவேன்.

பேரு என்னா சொன்ன? ஞானவேலா. காடாம்புலியூரா நீ? சரி, உக்காரு ஞானவேலு. மாஸ்டர், ரெண்டு டீ. எனக்குச் சர்க்கரை வேணாம்.

ஊரு பேரு குமாசி. கானா தேசத்துல. தலைநகரத்துல ஏரோப்ளேன் விட்டு எறங்கி, கார் புடிச்சு அரை நாள் உள்ள போவணும். நான் என்னா நெனச்சிக்கிட்டுப் போனேன் தெரியுமா? நாலு குடிசை இருக்கும், சுத்திக் காடு இருக்கும், யானை நிக்கும்னு. சிரிக்காதே, நீயும் அதைத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கே. போய் எறங்கினா, ஏ அப்பா! நம்ம கோயம்பேடு மார்க்கெட்டைப் பத்துப் பன்னெண்டு சேத்துக் கொட்டி வெச்ச மாதிரி ஒரு சந்தை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தகரக்கூரை. ஒரு ஆளு தையல் மிஷினைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, கத்திரிக்கோலைத் தட்டிக்கிட்டே தெருத்தெருவா போறான், கிழிஞ்சது எதுனா இருந்தா குடுன்னு. ஷேர் வண்டிங்க பின்னாடி பூரா சாமி வாசகம், நம்ம லாரிக்காரங்க தோத்தாங்க. யானையைக் காணோம். எனக்கு ஏமாத்தமாவே போச்சு.

அப்பறம் இந்தப் புள்ளைங்க. தெருவுல எறங்கி நடந்தா போதும், 'ஓப்ரூனி, ஓப்ரூனி'ன்னு பின்னாடியே ஓடி வருதுங்க. என்னாடான்னு விசாரிச்சா வெள்ளைக்காரன்னு அர்த்தமாம். நான் வெள்ளைக்காரன்! ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்புட்டானுவோன்னு இங்க யாரை வேணாலும் கேளு, கருப்பட்டின்னுதான் சொல்லுவான். அப்படியாப்பட்டவன் கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரன் ஆயிட்டேன். மொத நாளு சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

கோவம் ரெண்டாவது நாளே ஆரம்பிச்சிடுச்சு.

சேர்வா அம்மான்னு ஒரு பொம்பளை. அங்க எல்லாரும் மேடம்னுதான் கூப்புடுவாங்க. நம்ம முதலாளி தோட்டம் தோட்டமா போய் கொட்டை வாங்க முடியுமா? அந்தம்மாதான் வடக்கால இருக்கற ஊரு ஊரா ஆள் வெச்சு முந்திரிக்கொட்டையை வாங்கி, மூட்டை கட்டி, நம்ம குடோனுக்கு அனுப்பும். அது தலையை ஆட்டுனாத்தான் மூட்டை அசையும். அதோட பெரிய பையன் ஓஃபொரி, நம்ம குடோனுக்கு மேஸ்திரி. என்னைவிட ரெண்டு வயசு கூட இருப்பான். அவன்தான் என்னை வண்டியில வெச்சு அவங்கம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான்.

வாசல்ல மரத்தடியில ஏழெட்டுப் பேரு வரிசையா உக்காந்திருக்காங்க. பக்கத்துல மூட்டை அடுக்கி வெச்சிருக்கு. நான் எதுக்குப் போயிருக்கேன்? கொட்டையைப் பாக்க. நேரா மூட்டைகிட்ட போனேன், கையை உள்ள விட்டு அடியில இருந்து ஒரு கை அள்ளுனேன், கத்தியில வெச்சு வெட்டிப் பருப்பு எப்படி இருக்குன்னு பாத்தேன். பொத்தலு எவ்ளோ, சூத்தை எவ்ளோ. அதுக்குத்தானே சம்பளம்? நிமிந்து பாத்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க.  அந்தம்மா நல்ல ஒசரம், நல்ல பருமன், தலையில துணி கட்டியிருக்கு. பையனைப் பாத்து இங்கிலீஷ்ல கேக்குது, எனக்குப் புரியணும்னே: "இவனை யாரு வளத்தது?"

நீயே சொல்லு, கோவம் வருமா வராதா?

கத்தியைப் புடுங்கி வெச்சிடுச்சு. அப்பறம் என்னை மறுபடி கேட்டுக்கு வெளிய அனுப்பி, திரும்ப உள்ள வர வெச்சுது. வலது கைப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒருத்தர் விடாம கை குடுக்கணும். நான் இடதுபக்கம் ஆரம்பிச்சேன், மறுபடியும் வெளிய போடான்னுச்சு. அப்பறம் உக்காரணும். தண்ணி குடுப்பாங்க, குடிக்கணும். அதுக்கப்பறம் அவங்க எந்திரிச்சு வந்து நமக்குக் கை குடுப்பாங்க. அதுக்கப்பறம் கேப்பாங்க, 'வந்த சேதி என்னா?'ன்னு. வந்த சேதி என்னாவா! கையில கொட்டையோட நிக்கறேன், கல்யாணப் பத்திரிகை வெக்கவா வந்திருக்கேன்? அப்படிச் சொல்லக்கூடாதாம். 'கெட்ட சேதி ஒண்ணும் இல்ல, எங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம், உங்களைப் பாத்து கொட்டை விசயமா பேசிட்டுப் போவலாம்னு வந்தேன்'னு பதவிசா சொல்லணும். ஒரு நாளைக்கு நாலு எடத்துல கொட்டை பாக்கறேன்னு வெச்சுக்க, நாலு எடத்துலயும் இதே கூத்து.

சரி, ஒரு வழியா வேலை முடிஞ்சுது, எந்திரிச்சு 'பை'ன்னு கையை ஆட்டிட்டு நடந்தேன். ஓஃபொரி சட்டையைப் புடிச்சு இழுக்கறான். போறதுக்கு வழி கேக்கணுமாம். வழி எதுக்குடா கேக்கணும், கேட்டு அங்கதானே இருக்கு? 'எனக்கு வழி குடுங்க'ன்னு கேக்கணும். கேட்டேன். அந்தம்மா சொல்லுது, "பாதி வழிதான் தருவேன்"ன்னு. மீதிப் பாதியை வாங்கறதுக்கு நீ திரும்பி வரணும்னு அர்த்தமாம். இதுக்கு அர்த்தம் சொல்லிட்டு எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு மண்டை காயுது. நம்ம ஊர்ல 'போயிட்டு வரேன்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம்ல?

இப்படியே ஓடுச்சு. குடோன் ஓரமாத்தான் எனக்கு ரூம்பு. ராத்திரிக்குச் சோறு வடிச்சு, அம்மா குடுத்தனுப்புன புளிக்காய்ச்சலைப் போட்டுப் பெசஞ்சு, கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னுவேன். ஒரு நாளு அந்தம்மா தபதபன்னு கதவைத் தட்டுது. தெறந்தா, "கதவைச் சாத்திக்கிட்டா சாப்புடுவாங்க? திருட்டுச் சோறா திங்கறே?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்து உக்காந்து, என் தட்டுலயே கையை வெச்சுது. ஒரு வாய் போட்டுச்சு. கண்ணு ரெண்டும் பெருசாச்சு. அப்பறம் புளிக்காய்ச்சல் பாட்டிலையே எடுத்து இடுப்புத் துணியில சொருகிக்கிட்டுப் போயிடுச்சு. எங்கம்மா என்னா கஷ்டப்பட்டு இடிச்சுக் கிளறுனது! நான் அன்னிக்கு ராத்திரி வெறும் மோரு ஊத்தித் தின்னேன்.

அதுக்குப் பதிலா மறுநாள்ல இருந்து அவங்க வீட்டுச் சாப்பாடு வந்துச்சு. மரவள்ளியையும் வாழைக்காயையும் வேகவெச்சு இடிச்சு உருட்டி, குழம்புல போட்டு. அதை மெல்லக்கூடாதாம், முழுங்கணுமாம். நான் மென்னேன். அதுக்கும் சிரிப்பு.

என் பேரு அரிகிருஷ்ணன். வாயில நுழையலையாம். என்னைக்குப் பொறந்தேன்னு கேட்டுச்சு. வியாழக்கெழமைன்னேன். வியாழக்கெழமை பொறந்த ஆம்பளைக்கு அங்க 'யாவ்'னு பேரு. முடிஞ்சுது. பெத்தவங்க பெருமாள் கோயில்ல வெச்ச பேரு போச்சு. சந்தை இந்தக் கோடியில நான் போனா அந்தக் கோடியில இருந்து 'யாவ்!'னு ஒரு சத்தம். அந்தம்மா தொண்டை அப்படி.

ஒரு நாளு இன்னொரு கம்பெனி ஏஜெண்ட்டு, வடநாட்டான், எடை மேடையில நான் எடையைக் கொறச்சுப் போடறேன்னு பொல்லாப்புச் சொல்லிட்டான். பொய்யி. சந்தைக்கு நடுவுல சத்தம் போடறான். அந்தம்மா வந்துச்சு. இடுப்புல கையை வெச்சு அவன் முன்னாடி நின்னுச்சு. "இவன் என் பையன். என் பையனைத் திருடன்னு சொன்னா என்னைச் சொன்ன மாதிரி. சொல்லு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு"ன்னுச்சு. அவன் அப்படியே நழுவிட்டான். அன்னியில இருந்து சந்தையில எல்லாரும் என்னைச் சேர்வா பையன்னுதான் சொல்லுவாங்க. யாரு கேட்டா? எனக்கென்னா அம்மா இல்லையா? பண்ருட்டியில கல்லாட்டம் இருக்காங்களே!

டீ குடி. ஆறுது பாரு.

மாசி கடைசியில ஒரு காலையில ஓஃபொரி குடோனுக்கு வரல. அந்தம்மா சந்தையில மூட்டை மேல உக்காந்தபடியே சாஞ்சிடுச்சாம். பிரஷர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிடுச்சு.

போயிடுச்சுன்னா, நம்ம ஊர்ல என்னா பண்ணுவோம்? மறுநாள் சாயந்திரத்துக்குள்ள எடுத்துடுவோம். நான் முதலாளிக்குப் போன் அடிச்சு மாலைக்கு ஏற்பாடு பண்ணிட்டு ஓஃபொரியைக் கேக்கறேன், "எப்போ எடுக்கறீங்க?" அவன் சொல்றான், "ஈஸ்டர் தாண்டி, ஒரு சனிக்கெழமை." எனக்கு ஒண்ணும் புரியல. சாவு வீட்டுக்காரன், ஏதோ தடுமாறிப் பேசறான்னு நெனச்சேன். இல்ல. நெசமாவே அப்படித்தான். பொணத்தை ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜுல வெச்சிட்டு, வெளியூர்ல இருக்கறவங்க எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. பந்தலுக்குச் சொல்லணும், துணிக்குச் சொல்லணும், போஸ்டர் அடிக்கணும். போஸ்டர் விசயத்துல மட்டும் நம்மாளுங்கதான், ஞானவேலு. மூலைக்கு மூலை அந்தம்மா போட்டோ, கழுத்துல சங்கிலியோட. ஒவ்வொரு நாளும் காலையில கொட்டை பாக்கப் போறப்போ அது என்னையே பாக்குது. உள்ள ஃப்ரிட்ஜுல கெடக்குது, வெளிய சுவத்துல நின்னு பாக்குது. எனக்கு எப்படி இருக்கும்? கத்துனேன் ஓஃபொரிகிட்ட. "பெத்தவளைக் குளுருல போட்டு வெச்சிட்டு எப்படிடா உன்னால சோறு திங்க முடியுது?"ன்னு கேட்டேன். அவன் 'நீ சாப்புட்டியா?'ன்னு மட்டும் கேட்டான்.

நானா? நான் அப்போ ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுக்கிட்டிருந்தேன். அடுப்பு பத்த வெக்கல. அதுக்கு வேற காரணம் ஒண்ணும் இல்ல, காஸ் சிலிண்டர்ல ஏதோ தகராறு. எடுக்கற வரைக்கும் தகராறாவே இருந்துச்சு. அதை விடு.

இப்போ வர்றேன் விசயத்துக்கு. முதலாளி உன்கிட்ட என்னா சொல்லியிருக்காருன்னு எனக்குத் தெரியும். 'அரி அந்த வீட்டுச் சாவுல போய் மரியாதை இல்லாம நடந்துக்கிட்டான், அதனால கொட்டை நின்னுபோச்சு'ன்னு சொல்லியிருப்பாரு. நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நீயே சொல்லு, யாரு மரியாதை கெட்டவன்னு.

சனிக்கெழமை. அதுக்கு முந்தி ஓஃபொரி ஒரு துணி கொண்டாந்து குடுத்தான். கருப்பும் செவப்பும். குடும்பத்துக்காரங்க, புள்ளைங்க எல்லாரும் ஒரே துணியில நிப்பாங்களாம். நம்ம பெரிய வேட்டி மாதிரி உடம்பைச் சுத்தி, தோள்ல போட்டுக்கணும். அவனே கட்டி விட்டான். ரெண்டு வாட்டி அவுந்துச்சு, ரெண்டு வாட்டியும் கட்டி விட்டான்.

போனேன். தெருவையே அடைச்சுப் பந்தல். நூத்துக்கணக்குல சேர், வட்டமா போட்டிருக்கு. ஸ்பீக்கர்ல பாட்டு, தரை அதிருது. எல்லாரும் எல்லார்கிட்டயும் கை குலுக்கிக்கிட்டு வரிசையா சுத்தி வர்றாங்க. சாதாரண நாள்ல அவங்க கை குடுக்கறது எனக்குத் தெரியும். அதான் சொல்லிக் குடுத்திருந்துச்சே அந்தம்மா. ஆனா இது சாவு வீடு. சாவு வீட்டுல கை குலுக்கி, 'நல்லாருக்கீங்களா'ன்னா கேப்பாங்க? நம்ம வீட்டுல எழவு விழுந்தா வாங்கன்னு கூப்புடுவியா நீ? அவங்க அறியாம செய்யறாங்க, நான் அறிஞ்சவன், நான் முறையா செய்வோம்னு முடிவு பண்ணேன்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, யாரு மூஞ்சியும் பாக்காம, நேரா உள்ள போனேன். அந்தம்மாவை அலங்காரம் பண்ணி வெச்சிருந்தாங்க. கால்மாட்டுல நின்னேன். மாலை போட்டேன். ரொம்ப நேரம் நின்னேன்னு நெனக்கறேன், யாரோ தோளைத் தொட்டு நகத்துனாங்க. வெளிய வந்து கடைசி வரிசையில உக்காந்தேன். ஒரு பொண்ணு தண்ணி கொண்டாந்துச்சு. வேணாம்னுட்டேன். பெட்டியில சோறு கொண்டாந்துச்சு. வேணாம்னுட்டேன். சாவு வீட்டுல பச்சைத்தண்ணி பல்லுல படலாமா? ஓஃபொரி கிட்ட வந்து குனிஞ்சு, "யாவ், எங்க மாமாங்களுக்குக் கை குடு, உன்னைத்தான் பாக்கறாங்க"ன்னான். நான் அவன் கையைப் புடிச்சு அழுத்திட்டு விட்டுட்டேன். அதுக்கு மேல நம்ம பழக்கத்துல என்னா இருக்கு சொல்லு?

பொணம் எடுத்தாங்க. எடுத்ததும் எந்திரிச்சேன். யாருகிட்டயும் வாயைத் தெறக்கல. வழி கேக்கல. சாவு வீட்டுல போய் 'பாதி வழி குடு, நான் திரும்பி வரேன்'னு எவனாவது கேப்பானா? இன்னொரு சாவா விழணும் அந்த வீட்டுல? அந்தக் குடும்பம் நல்லா இருக்கணும்னு நெனச்சுத்தான் ஒரு வார்த்தை பேசாம, திரும்பிப் பாக்காம நடந்தேன். ஐநூறு பேரும் பாத்தாங்க. என் முதுகுல தெரிஞ்சுது. பாக்கட்டும்னு நடந்தேன்.

குடோன் கேட்டுக்கு வெளிய ஒரு கொழாய். உள்ள காலை வெக்கல. பக்கெட்டை வெச்சுப் புடிச்சு அந்தத் துணியோட அப்படியே தலையில ஊத்திக்கிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. துணியை அவுத்து, முறுக்கிக்கூடப் புழியாம, கேட்டுக்கு வெளிய கல்லு மேல போட்டேன். உள்ள இருந்த துண்டை வாட்ச்மேன்கிட்டக் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். நிமிந்து பாக்கறேன், ஓஃபொரி நிக்கறான்.

வண்டியை நிறுத்திட்டு எறங்கி நிக்கறான். நான் சொல்லிக்காம போனதைப் பாத்துட்டு, ஒடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பின்னாடியே வந்திருக்கான், அவங்கம்மாவைப் பொதைக்கப் போறதை விட்டுட்டு. எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. நான் பக்கெட் பக்கெட்டா ஊத்துனதைப் பாத்திருக்கான். துணியைக் கல்லுல போட்டதைப் பாத்திருக்கான். அவனும் அதே துணியைத்தான் கட்டியிருக்கான். அவன் ஒண்ணுமே கேக்கல, ஞானவேலு. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல? நடந்து வந்தான். கல்லு மேல கெடந்த துணியை எடுத்தான். தண்ணி சொட்டச் சொட்ட நெஞ்சோட புடிச்சுக்கிட்டு வண்டியில ஏறிப் போயிட்டான்.

எனக்கு வந்த கோவம் இருக்கே! ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? 'ஏண்டா இப்படிப் பண்ற, உங்க ஊர்ல இப்படியா?'ன்னு கேட்டா வாய் வலிக்குதா? அதுக்கு முன்னாடி ஒருத்தனாவது, 'யாவ், எங்க ஊரு சாவுல இப்படி இப்படிச் செய்யணும்'னு கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னானா? தெரியாதவனுக்குச் சொல்லித் தர வேணாமா? நான் சொல்லியிருக்கணும்கிறியா? எதைச் சொல்ல? சாவுக்குப் போனா தலைக்கு ஊத்தணும்கிறதைப் போய் ஒரு ஆளுக்குச் சொல்லுவாங்களா? அது உலகத்துக்கே தெரிஞ்சது இல்லையா?

மறுநாளே மூட்டை நின்னுபோச்சு. ஒரு லாரி வரல. சீசன் உச்சி. 'சேர்வா செத்ததைத் தீட்டுன்னு கழுவிட்டுப் போனான், குடுத்த துணியைத் தெருவுல வீசுனான்'னு சந்தை பூரா பேச்சு. முன்னாடி 'யாவ்'னு கூப்புட்ட பொம்பளைங்க எல்லாம் நான் வந்தா வேற பக்கம் பாக்குது. புள்ளைங்க மட்டும் பழையபடி 'ஓப்ரூனி'ன்னு ஓடி வந்துச்சுங்க. அன்னிக்குத்தான் அந்த வார்த்தை எனக்குக் கசந்துச்சு.

பெரிய மனுசங்க கூட்டம் போட்டாங்க. ஓஃபொரி மாமாங்க நாலு பேரு. ஒரு சாராயப் பாட்டிலு, ஒரு ஆடு, ரெண்டையும் கொண்டாந்து வெச்சு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு, முடிஞ்சுதுன்னாங்க. முதலாளி வீடியோவுல வந்தாரு. "கேட்டுத் தொலையேண்டா, உன் கௌரவமா என் ஃபேக்டரியா? இங்க எரநூறு பொம்பளைங்க உடைக்கக் கொட்டை இல்லாம உக்காந்திருக்காங்க"ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஆடு என்னா ஆடு, மாடே வாங்கித் தரேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். கேட்டேன்னு வெய்யி, என்னா அர்த்தம்? நான் அந்தம்மாவைக் கேவலப்படுத்தினேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடாதா? சாவற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன். ஓஃபொரி கூட்டத்துல ஓரமா உக்காந்திருந்தான். நான் அவனைத்தான் பாத்தேன். அவன் தரையைப் பாத்தான்.

டிக்கெட்டு போட்டுட்டாரு முதலாளி. கெளம்புற அன்னிக்கு ஓஃபொரி வரல. வேற டிரைவர்தான் ஏர்போர்ட்டுக்கு ஓட்டினான். இங்க வந்து போன் அடிச்சுப் பாத்தேன், சும்மா சீசன் எப்படின்னு விசாரிக்க. எடுக்க மாட்டேங்கிறான். முழுசா ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கிறான். தெனமும் ஒரு வாட்டி அடிக்கிறேன். ஏன் அடிக்கிறேன்னா, என்னோட குக்கரு அங்க இருக்கு, அதைப் பத்திக் கேக்கத்தான்.

இப்போ நீ போறே. பையில பாட்டிலு வெச்சிருக்காரா முதலாளி? ஏர்போர்ட்டுலயே வாங்கிக்கன்னாரா? சரி. என்னா சொல்லச் சொன்னாரு? நெசத்தைச் சொல்லு, நான் அடிக்க மாட்டேன்... 'அந்தப் பையன் வளர்ப்பு சரியில்ல, பெரிய மனசு பண்ணுங்க'ன்னா?

வளர்ப்பு சரியில்லையாம். கேட்டுக்க, மாஸ்டர். வளர்ப்பு சரியில்லையாம்!

என் வளர்ப்பைப் பத்திச் சொல்றேன் கேளு. சென்னை ஏர்போர்ட்டுக்கு எங்கம்மா வந்திருந்தாங்க, என் தம்பியைக் கூட்டிக்கிட்டு. கண்ணாடிக் கதவைத் தாண்டி நான் வெளிய வர்றேன். தூரத்துல சிரிச்சுக்கிட்டு நின்னவங்க, கிட்ட வந்ததும் என் மூஞ்சியையே பாத்தாங்க. பளார்னு ஒண்ணு விட்டாங்க கன்னத்துல. அவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல. "பெத்தவ நான் உசுரோட நிக்கறேன், யாருக்குடா மீசையை எடுத்த?"

'வெயிலுக்கும்மா'ன்னேன். கொள்ளி வெச்சவன் மாதிரி முழுசா வழிச்சிட்டு வந்து நின்னுக்கிட்டு வெயிலுக்காம், என் பொய்யைப் பாரு! அன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு ரூம்புக்குள்ள போனதும் முதல் வேலையா அதைத்தான் எடுத்தேன், ஞானவேலு. முளைச்ச நாள்ல இருந்து நான் கத்தி வெக்காத மீசை. இந்த மூஞ்சியோடதான் அந்தப் பெரிய மனுசங்க கூட்டத்துல நின்னேன். ஓஃபொரி மாமாங்களுக்குத் தெரியல, சரி, அவங்க ஊரு வேற. முதலாளிக்குமா தெரியல? பண்ருட்டிக்காரரு, அவங்கப்பாவுக்கு அவரும் எடுத்தவருதானே? 'என்னடா ஸ்டைலா மாறிட்டே'ன்னாரு வீடியோவுல.

எங்கம்மா பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க. திண்டிவனம் தாண்டுனதுக்கு அப்பறம் மெதுவா கேட்டாங்க, "புளிக்காய்ச்சலைத் தூக்கிட்டுப் போச்சுன்னியே, அந்தப் பொம்பளைக்குப் பேரு என்னா?"

சொன்னேன்.  வீட்டுக்கு வந்ததும் கொல்லையில தண்ணி காய வெச்சு, அவங்களும் தலைக்கு ஊத்திக்கிட்டாங்க.

நீ கெளம்பு, பஸ் வந்துடும். பாட்டிலைக் குடு, ஆட்டைக் குடு, முதலாளி பேருல என்னா வேணா கேட்டுக்க. என் பேருல மன்னிப்புக் கேட்டேன்னு தெரிஞ்சுது, காடாம்புலியூருக்கு வந்து உதைப்பேன். ஓஃபொரியைப் பாத்தா, அவன் சும்மா இருக்கற நேரமா பாத்து, நம்ம ஊர்ல ஒரு ஆம்பளை எப்போ மீசையை எடுப்பான்னு சொல்லு. அவ்ளோதான். நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாதே. நீயா ஏதோ பேச்சுவாக்குல சொல்ற மாதிரி சொல்லு.